வெயிலும் மரபணுவும் சோற்றுத் தட்டும்

தை, மாசி மாதங்களில் பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டாரத்துக் கரிசல் காடுகளில் பருத்தி வெடித்து நிற்கும். நண்பகலில் எடுப்புக்கு இறங்கியிருக்கும் பெண்கள் ஏறத்தாழ ஒரே கோலத்தில் இருப்பார்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துண்டு, இடுப்பில் பருத்தி போட ஒரு மடி. காய்ந்த காய்களின் ஓடு கையைக் கீறும், வெயில் தோலைச் சுடும் என்பதால் வந்த உடை இது. காலை முதல் மாலை வரை திறந்த வெளியில் நின்றாலும் வெயில் நேராகப் படுவது முகத்திலும் விரல்களிலும்தான். இவர்களில் ஒரு பெண்ணிடம் மருத்துவர் ‘உங்களுக்கு வைட்டமின் டி குறைவு’ என்று சொன்னால் அவருக்கு வியப்பாக இருக்கும். வெயிலில் கிடைப்பதாகப் பள்ளிப் புத்தகத்தில் படித்த சத்து வெயிலிலேயே வாழ்பவருக்கு எப்படிக் குறையும்? கூடவே சுகரும் இருக்கிறது என்று தெரியவந்தால் அடுத்த கேள்வி எழும்: இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இது பரம்பரையாக வந்ததா? மரபணு ஆய்வுகள் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு தெளிவான விடை தந்திருக்கின்றன. வைட்டமின் டி தொடர்பான மரபணுக்கள் நம் உடல்நலத்தில் பங்கு வகிப்பது உண்மை. ஆனால் அந்தப் பங்கு நன்மையாக முடிவதைப் பெரிதும் தீர்மானிப்பது சோற்றுத் தட்டு என்பதே அந்த விடை.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்ப்போம். திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சி. வி. ஹரிநாராயண் குழுவினர் நகரத்தவரையும் சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயக் கூலிகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்தியாவுக்கே ஒரு கண்ணாடி. அங்கும் குன்னத்தைப் போலவே வெப்பமண்டல வெயில், அதே வயல்வேலை, பெரும்பாலும் அதே தானிய உணவு. கிராமத்தவரின் வைட்டமின் டி அளவு நகரத்தவரைவிட அதிகமாக இருந்தது. அப்படியும் கிராமத்து ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 70 சதவீதத்தினருக்கும் பற்றாக்குறை இருந்தது. நகரத்தில் ஆண்களில் 62, பெண்களில் 75 சதவீதம். வெயில் உதவுகிறது, ஆனால் வெயில் மட்டும் போதவில்லை. உடையும் தோலின் மெலனினும் இதற்கு ஒரு பகுதிக் காரணம். மீதிக்கு உடலுக்குள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

தோலில் கொழுப்பை ஒத்த ஒரு மூலப்பொருள் இருக்கிறது. 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர் அதன்மேல் பட்டால் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். அதே மூலப்பொருளைக் கொலஸ்ட்ராலாக மாற்றும் நொதியை டிஹெச்சிஆர்7 என்ற மரபணு உருவாக்குகிறது. இந்த நொதி வேகமாக வேலை செய்தால் வைட்டமினுக்குக் கிடைக்கும் சரக்கு குறையும். தோலில் உருவானது இரத்தத்தில் ஏறியதும் ஜிசி என்ற மரபணுவின் புரதம் அதைச் சுமந்து செல்கிறது. கல்லீரலில் சிஒய்பி2ஆர்1 என்ற நொதி அதற்கு முதல் மாற்றத்தைச் செய்கிறது. பரிசோதனைக் கூடம் நம் இரத்தத்தில் அளப்பது இந்த இடைநிலை வடிவத்தைத்தான். பிறகு சிறுநீரகத்தில் இரண்டாம் மாற்றம் நடந்து, செயல்திறன் கொண்ட ஹார்மோன் பிறக்கிறது. அது செல்லுக்குள் போய் விடிஆர் என்னும் ஏற்பியில் பொருந்தினால்தான் கட்டளை நிறைவேறும். வேலை முடிந்ததை உடைத்து வெளியேற்றுவது சிஒய்பி24ஏ1. வைட்டமின் என்று நாம் அழைப்பது உண்மையில் பல கைகள் மாறிச் சேர வேண்டிய ஒரு ஹார்மோன்.

இந்தக் கைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. மரபணுவின் எழுத்து வரிசையில் ஓர் எழுத்து மாறினால் சுமக்கும் புரதத்தின் பிடி கூடலாம், குறையலாம். நொதியின் வேகம் மாறலாம். விடிஆர் மரபணுவின் தொடக்கத்தில் ஃபோக்1 என்று பெயர் பெற்ற ஒரு திரிபு உண்டு. அதன் ஒரு வடிவம் 427 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பியையும், மற்றொன்று 424 கொண்ட சற்றே குட்டையான, கூடுதல் சுறுசுறுப்புள்ள ஏற்பியையும் உருவாக்குகின்றன. ஐரோப்பிய வம்சாவளியினர் ஏறத்தாழ 34,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2010இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, ஜிசி, டிஹெச்சிஆர்7, சிஒய்பி2ஆர்1 ஆகியவற்றின் அருகே உள்ள திரிபுகள் இரத்தத்தின் வைட்டமின் டி அளவோடு தொடர்புடையவை என்று உறுதிசெய்தது. ஒரே வயலில் ஒரே நேரம் நிற்கும் இருவரின் அளவு வேறுபடுவதற்கு இவை ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு திரிபின் விளைவும் சிறியது. மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் இந்த அறியப்பட்ட பொதுத் திரிபுகள் விளக்குவது சில சதவீதம்தான்.

வைட்டமின் டியையும் சர்க்கரை நோயையும் சேர்த்துப் பேசுவதற்கு அடிப்படை இருக்கிறது. இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களில் வைட்டமின் டி ஏற்பி உண்டு. வைட்டமின் டி பற்றாக்குறை உள்ள எலிகளில் இன்சுலின் சுரப்பு குன்றுவதை 1980இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலகின் பல நாடுகளில் எடுத்த கணக்குகளிலும் உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாகவே இருக்கிறது. இந்தியாவில் 1,13,043 பேரை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோயும் 15.3 சதவீதத்தினருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கணித்தது. பற்றாக்குறை ஒருபுறம், நோய் மறுபுறம் என்று இரண்டும் இவ்வளவு பரவியிருக்கும்போது ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் காரணம் எது, விளைவு எது? டி குறைந்ததால் கொழுப்பு சேர்ந்ததா, கொழுப்பு சேர்ந்ததால் டி குறைந்ததா? உடல் பருத்தவர் வெளியே நடமாடுவது குறைவு என்பதால் இரண்டும் சேர்ந்து தெரிகின்றனவா? அளவுகளை மட்டும் ஒப்பிட்டு இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது.

இங்கேதான் மரபணு ஒரு கருவியாக உதவுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில் தகுதியுள்ளோர் பெயர்களைக் குடத்தில் இட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுப்பவன் ஆள் பார்த்து எடுப்பதில்லை என்பதே அதன் நியாயம். கரு உருவாகும்போது தாய் தந்தையரின் மரபணுக்கள் பகிரப்படுவதும் அப்படிப்பட்ட குலுக்கல்தான். பின்னாளில் ஒருவர் என்ன சாப்பிடுவார், வயலில் நிற்பாரா, நிழலில் உட்காருவாரா என்பது அந்தச் சீட்டுக்குத் தெரியாது. ஆகவே, பிறவியிலேயே வைட்டமின் டியைக் குறைக்கும் சீட்டு பெற்றவர்களுக்கு உடல் பருமன் அதிகம் வருகிறதா என்று பார்த்தால், வாழ்க்கை முறையின் குழப்பத்தைப் பெருமளவு விலக்கிக் காரணத்தை அறியலாம். விமலேஸ்வரன், எலினா ஹிப்போனன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 21 ஆய்வுத் தொகுதிகளில் இருந்து 42,024 பேரின் தரவுகளைத் திரட்டி 2013இல் இந்தச் சோதனையை இரு திசைகளிலும் செய்தார்கள். உடல் எடையைக் கூட்டும் சீட்டு பெற்றவர்களுக்கு வைட்டமின் டி குறைந்தது. உடல் நிறைக் குறியீடு 10 சதவீதம் கூடினால் வைட்டமின் டி ஏறத்தாழ 4 சதவீதம் இறங்கியது. எதிர்த்திசையில், டியைக் குறைக்கும் சீட்டு பெற்றவர்களுக்கு எடை கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை. அம்பு கொழுப்பிலிருந்து வைட்டமினை நோக்கிப் போகிறது. கொழுப்பில் கரையும் இந்தச் சத்து பெரிய உடலின் கொழுப்புத் திசுவில் பரவித் தங்கிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முதன்மை விளக்கம்.

இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. எடை வேறு, சர்க்கரை வேறு. ஐரோப்பியர்களையும் சீனர்களையும் சேர்த்து 2018இல் வந்த ஓர் ஆய்வு, தோலிலும் கல்லீரலிலும் வைட்டமின் உருவாகும் கட்டத்துக்கான மரபணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அளவு கூடியவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு சற்றுக் குறைந்திருப்பதைக் கண்டது. அதற்கு முன் 2015இல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு அப்படி எதையும் காணவில்லை. மாத்திரைச் சோதனையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரை முன்நிலையில் இருந்த 2,423 பேரில் ஒரு பாதியினருக்குத் தினம் 4,000 அலகு வைட்டமின் டியும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் முதல் குழுவில் 293 பேருக்கும் இரண்டாவதில் 323 பேருக்கும் நோய் வந்தது. 2019இல் வெளியான இந்த முடிவில், வேறுபாடு தற்செயல் என்று தள்ள முடியாத அளவை எட்டவில்லை. இதையும் சேர்த்து மூன்று சோதனைகளை ஒன்றாகக் கூட்டிய 2023ஆம் ஆண்டின் பகுப்பாய்வில், முன்நிலையில் இருப்பவர்களுக்கு ஆபத்து 15 சதவீதம் குறைந்தது. ஆக, வைட்டமின் டிக்குச் சிறு பங்கு இருக்கலாம். அந்தச் சிறு பங்கை வைத்துக்கொண்டு பெரிய நோயை விரட்டிவிடலாம் என்று எண்ணுவதுதான் தவறு.

மரபணுக் குலுக்கலில் கிடைத்த நல்ல சீட்டு எப்போது பலிக்கிறது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற-ஊரக ஆய்வு 26,001 பேரைக் கொண்டு தொடங்கிய பெரும் முயற்சி. அதிலிருந்து குலுக்கல் முறையில் 545 பேரைத் தேர்ந்து, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் விமலேஸ்வரனும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 219 பேருக்குச் சர்க்கரை இயல்பு. 151 பேர் முன்நிலை. 175 பேர் நோயுள்ளவர்கள். வளர்சிதை மாற்ற நோய்களோடு தொடர்புடைய ஐந்து பொதுவான மரபுத் திரிபுகளை எண்ணி ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் இட்டார்கள். பிறகு அவர்களது உணவின் ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். ஆபத்துத் திரிபுகள் ஒன்றோ அதற்குக் குறைவோ உள்ளவர்கள், மாவுச்சத்தை 62 சதவீதத்துக்குள் வைத்திருந்தால், அவர்களுக்கு வைட்டமின் டி அளவு அதிகமாக இருந்தது. அதே நல்ல சீட்டைப் பெற்றிருந்தும் மாவுச்சத்து அதைத் தாண்டியவர்களிடம் அந்த நன்மை தென்படவில்லை. குலுக்கலில் நல்ல ஓலை விழுந்தும் தட்டில் குவிந்த சோறு அதை மூடிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த ஆய்வை அளவுக்கு மீறிப் போற்றவும் கூடாது. 545 பேர் என்பது மரபணு ஆய்வுக்குச் சிறிய எண்ணிக்கை. புள்ளியியல் கணக்கில் அந்த உறவு வரம்பை மயிரிழையில்தான் தாண்டியது. ஒரே காலகட்டத்தில் எடுத்த அளவு என்பதால் முன்னது பின்னது என்று அறுதியிட முடியாது. அப்படியானால் அதை ஏன் பொருட்படுத்த வேண்டும்? ஒன்று, அது நம்மவர்களிடமே செய்த ஆய்வு. ஐரோப்பியர்களிடம் கண்ட திரிபுகளின் பட்டியல் நமக்கு அப்படியே பொருந்தும் என்ற உறுதி இல்லை. பஞ்சாபி சீக்கியர்களிடம் 2016இல் நடந்த ஆய்வு, ஐரோப்பாவில் காணாத ஓர் இடத்தை 20ஆம் குரோமோசோமில் சுட்டியது. இரண்டு, சென்னை முடிவு தனித்து நிற்கவில்லை. இண்டியாப் ஆய்வின் 18,090 பேருடைய உணவுத் தரவை வைத்து 2022இல் வந்த கணிப்பும் இதே திசையைத்தான் காட்டுகிறது. நம் உணவின் ஆற்றலில் 60 முதல் 75 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அதை 50களின் முற்பகுதிக்கு இறக்கிப் புரதத்தைக் கூட்டினால் சர்க்கரை நோயும் முன்நிலையும் பின்வாங்க வாய்ப்பு உண்டு என்றும் அது சொல்கிறது.

‘எங்கள் ஊரில் யார் பருமனாக இருக்கிறார்கள்? வயலில் உழைத்து ஒல்லியாக இருப்பவருக்கும்தானே சுகர் வருகிறது?’ என்று குன்னத்தில் ஒருவர் கேட்கலாம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் லான்செட்டில் வெளியிட்ட ஒரு படம் இதற்கு விடை. அதில் அவரும் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் அருகருகே இருக்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எடை அளவில் நம்மவர் உடல் இரு மடங்குக்கும் மேல் கொழுப்பைச் சுமக்கக்கூடும், அதுவும் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றி. தராசு காட்டாத இந்தக் கொழுப்பை இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் அளவுநாடா காட்டிக்கொடுக்கும். கொழுப்பு வைட்டமின் டியைக் குறைக்கிறது என்ற முடிவு மெலிந்த தோற்றமுள்ளவருக்கும் இப்படித்தான் பொருந்துகிறது.

தட்டிலிருந்து வைட்டமினுக்குப் போகும் இன்னொரு வழியும் உண்டு. திருப்பதி ஆய்வில் கிராமத்து உணவில் கால்சியம் மிகக் குறைவாகவும், கால்சியத்தோடு ஒப்பிடத் தானியங்களில் உள்ள பைட்டேட் அதிகமாகவும் இருந்தது. பைட்டேட் குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேராமல் தடுக்கும். கால்சியம் போதாதபோது உடல் செயல்திறன் கொண்ட ஹார்மோனை அதிகமாக உருவாக்குகிறது. அதனால் இரத்தத்தில் இருக்கும் இடைநிலை வடிவம் சீக்கிரம் செலவாகிறது. அடுக்கடுக்காகச் சோறு உண்டு, பாலும் மோரும் கீரையும் தொடாத உடலுக்கு வெயில் கொடுத்ததும் தங்குவதில்லை. தானியத்தை ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். கம்பங்கூழைப் புளிக்கவைத்து மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்த பழக்கத்தில் அந்த நன்மை இருந்தது.

சோற்றைக் குறை என்று சொல்லும்போது ஒரு கனமான மறுப்பு எழும். வயிறார அரிசிச் சோறு என்பதே பல குடும்பங்களுக்குத் தலைமுறைக் கனவாக இருந்த நாட்டில், 2011 முதல் தமிழ்நாட்டு ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி பசியைத் துரத்தியது. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குறை அரிசியில் இல்லை, அதன் பக்கத்தில் எதுவும் இல்லாமல் போனதில் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் சின்ன வெங்காயத்தையும் விளைவிக்கிறது. மக்காச்சோளம் லாரி ஏறி நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது. அந்தத் தீவனம் தின்ற கோழியின் முட்டை விளைவித்தவர் தட்டில் தினமும் விழுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வரகுக்கும் சாமைக்கும் மாறினால் போதும் என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. அவற்றில் நார்ச்சத்து அதிகம், ஆனால் அவையும் மாவுச்சத்துதான். அரிசிச் சோற்றின் அதே குவியலை வரகுச் சோறாக உண்டால் கணக்கு பெரிதாக மாறாது. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் மொச்சையோ துவரையோ நிலக்கடலையோ முட்டையோ கருவாடோ வருவதுதான் மாற்றம். சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை வைத்த அரசு, ரேஷனில் பருப்பின் பங்கைப் பெரிதாக்குவது பற்றியும் எண்ண வேண்டும். கூலி உயராமல் தட்டு மாறாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மரபணுப் பரிசோதனை வேண்டாமா, மாத்திரை வேண்டாமா என்று கேட்கலாம். எலும்பு நலிந்தவர்கள், கர்ப்பிணிகள், கடும் பற்றாக்குறை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும்படி வைட்டமின் டி எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 60,000 அலகுப் பொடியை நாள்தோறும் விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். எச்சில் மாதிரியை அனுப்பினால் உங்கள் மரபுக்கேற்ற உணவைச் சொல்கிறோம் என்னும் விளம்பரங்களைப் பொறுத்தவரை, ஒரு தனி மனிதருக்கு நாளைய உணவை வகுத்துத் தரும் வலிமை இந்தத் திரிபுகளுக்கு இன்று இல்லை. ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாக வைத்துக் காரணத்தைக் கண்டறிய அவை உதவுகின்றன, அவ்வளவுதான். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சர்க்கரை முன்நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட தடுப்புச் சோதனையில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திய குழுவில் அது 39.3 சதவீதமாக இறங்கியது. யாருடைய மரபணுவையும் பார்க்காமல் கிடைத்த இந்தப் பலன் 28.5 சதவீதக் குறைவு. வைட்டமின் மாத்திரைச் சோதனைகள் ஒன்றுகூடித் தந்த 15 சதவீதத்தோடு இதை வைத்துப் பார்த்தால், முதலில் எதில் கை வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் பணியாளர்கள் குன்னத்துத் தெருக்களுக்கும் வருகிறார்கள். அவர்கள் கையில் ஓர் அளவுநாடாவும், தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் இரண்டு கேள்விகளும் சேர்ந்தால், எந்த மரபணுப் பரிசோதனையும் சொல்லாததை அவை சொல்லும். பருத்திக் காட்டில் நண்பகலில் வேம்பின் நிழலில் உட்கார்ந்து அந்தப் பெண் தூக்குவாளியைத் திறக்கிறார். அவர் பெற்ற மரபணுக்களை யாரும் மாற்றித் தரப்போவதில்லை. காலை முழுதும் வெயிலில் நின்றதற்கு உடல் கொஞ்சம் சேமித்திருக்கும். அந்தச் சேமிப்பு தங்குமா என்பது வாளிக்குள் சோற்றோடு பருப்பும் முட்டையும் மோரும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. அவை இருக்கும்படி செய்வது குடும்பத்தாலும் கூலியாலும் அரசாலும் இயலக்கூடிய காரியம்.